வேலிக்கு வெளியே இரட்டைக் கயிறு

ரெனிட்டா ஃபைசன் பகல் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவள். அமெரிக்காவில் டர்ஹாம் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றில் பல் சுத்தம் செய்யும் வேலை. சர்ச் சமாச்சாரம், கூடைப்பந்து, வீட்டுக்காரனின் குறட்டை என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவாள், நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர் "ஆ... ஆ..." என்று மட்டும் சொல்வார். எதிர்த்துப் பேச ஆளில்லாத அந்தச் சுகம் அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அன்றைக்கும் அப்படித்தான், பக்கத்து மேசையில் வைத்திருந்த கைபேசி அதிர்ந்தபோது அவள் ஒருவரின் கடைவாய்ப் பல்லோடு மும்முரமாக இருந்தாள். திரையில் மகள் படிக்கும் விட்டேக்கர் பள்ளியின் பெயர்.

"நைலாவோட அம்மாவா? சின்னதா ஒரு சம்பவம். நீங்க நேர்ல வந்தா நல்லது."

காரின் முன்கண்ணாடி முழுக்க பைன் மரத்து மகரந்தம் மஞ்சளாக அப்பிக் கிடந்தது. துடைப்பானைப் போட்டால் அது இன்னும் இழுசிற்று. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஓட்டிக்கொண்டு போனாள். 'சின்னதா ஒரு சம்பவம்' என்று அந்தப் பெண் சொன்ன குரலிலேயே அது சின்னது இல்லை என்று புரிந்துவிட்டது.

தலைமையாசிரியை மிஸ் கின்டானாவின் அறையில் நைலா உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. காலையில் ரெனிட்டா பின்னிவிட்ட சடைகள் கலையவில்லை, முகம்தான் கலைந்திருந்தது. அழவில்லை. கண்ணை மேசை மேலிருந்த பூந்தொட்டியில் வைத்திருந்தாள்.

மிஸ் கின்டானா நல்ல பெண்மணிதான். அந்த வருஷம்தான் பொறுப்புக்கு வந்தவர், யாருக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதே என்று எப்போதும் பதறுகிறவர். அவர் சொன்னது இதுதான்: இடைவேளையில் பிள்ளைகள் இரட்டைக் கயிறு தாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நைலாவின் வகுப்பில் படிக்கும் லினியா கயிற்றுக்குள் விழுந்து, முன்பல்லில் ஒரு சில்லு உடைந்துவிட்டது. லினியாவின் அம்மா வந்து கூட்டிப்போய்விட்டார். நைலா தள்ளிவிட்டதாக அவர் சொல்கிறார். அதனால் இந்த வாரம் முழுக்க நைலாவுக்கு இடைவேளை கிடையாது. கயிறுகளை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று.

"நான் தள்ளலம்மா" என்றாள் நைலா, பூந்தொட்டியைப் பார்த்தபடியே. "'இப்ப வா'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவ வந்துட்டா. கயிறு கால்ல மாட்டிருச்சு. நான் பிடிக்கத்தான் கையை நீட்டினேன்."

"பாத்த பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களா?" என்றாள் ரெனிட்டா.

"அந்த நேரத்துல, மிஸஸ் ஃபைசன், காயம் பட்ட குழந்தையைத்தான் முதல்ல கவனிக்க வேண்டியிருந்தது..."

"கவனிச்சாச்சு. அப்புறம்?"

மிஸ் கின்டானா கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். அப்புறம் ஒன்றும் இல்லை என்பதுதான் பதில்.

ரெனிட்டா அந்தப் பள்ளியிலேயே படித்தவள். அவள் காலத்தில் விட்டேக்கரில் எல்லாம் அவளைப் போன்ற கறுப்புப் பிள்ளைகள்தான், வெள்ளைப் பிள்ளை என்று ஒன்றுகூடக் கிடையாது. பிறகு ஊரே புரண்டது. புகையிலைக் கிடங்குகளெல்லாம் மாடிக் குடியிருப்புகளாயின. இடிந்த திண்ணையோடு நின்ற வீடுகள் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துக்கொண்டு விலை ஏற, அவற்றில் வெள்ளைக்காரர்கள் குடிவந்தார்கள். இப்போது வகுப்பில் கறுப்புப் பிள்ளைகள், ஹோண்டுராஸ் பக்கத்துப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ரெனிட்டாவுக்கு அதில் வருத்தமில்லை. எல்லாரும் ஒரே பள்ளியில் படிக்கட்டும் என்றுதான் அவளைப் பெற்றவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே வந்த பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். இரட்டைக் கயிறு ஒன்றுதான் அந்தக் கோட்டைக் கொஞ்சம் அழித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேர் இரு முனையில் நின்று இரண்டு நீளக் கயிறுகளை எதிரெதிராகச் சுற்ற வேண்டும். மூன்றாவது ஆள் தாளம் பார்த்து நடுவில் புகுந்து குதிக்க வேண்டும். லினியா என்கிற அந்த வெள்ளைக்காரச் சிறுமி மாசக்கணக்காக ஓரத்தில் நின்று பார்த்தவள், ஒருநாள் "எனக்கும் சொல்லித் தர்றியா?" என்று நைலாவிடம் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் லினியா பேச்சுத்தான். 'இன்னிக்கு லினியா கண்ணை மூடிட்டு வந்தாம்மா!', 'லினியாவுக்குத் தாளமே வரலம்மா, ஆனா விடமாட்டேங்கிறா!'

அன்று சாயங்காலம் ரெனிட்டாவின் புருஷன் டெரெல் வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"மெதுவாப் போ, ரெனிட்டா. நீ குரலை உசத்தினா 'பாத்தியா, அம்மாவும் அப்படித்தான்'னு சொல்லுவாங்க. பழி பிள்ளை தலையிலதான் விழும்."

"நான் பேசாம இருந்தா மட்டும் விழாதா? விழுந்தாச்சே! தள்ளிவிடுற பொண்ணுன்னு பேர் வச்சாச்சு."

"நான் சண்டை வேண்டாம்னு சொல்லல. எப்படிங்கிறதை யோசின்னு சொல்றேன்."

இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பொருதிக்கொண்டிருந்தபோது நைலா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் அவளை 'வா'ன்னு கூப்பிடாமயே இருந்திருக்கணுமோ?"

ரெனிட்டா மகளைத் திரும்பிப் பார்த்தாள். தண்டனை, பழி எல்லாம்கூட ஒரு பக்கம் கிடக்கட்டும். பத்து வயதில் தன் மகள் கற்றுக்கொண்ட பாடம் இதுவா? புதுசாக வருகிறவளைப் பக்கத்தில் சேர்க்காதே என்பதா? அந்த ஒரு கேள்விதான் அவளை உசுப்பிவிட்டது.

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். நூலகத்தில் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ரெனிட்டாவுக்குப் பக்கத்தில் டோனெட். சிறு வயதிலிருந்தே கூட்டாளி, தபால் அலுவலகத்தில் வேலை, அடக்கிச் சிரிக்கத் தெரியாதவள். எதிர் வரிசையில் லினியாவின் அம்மா கிரெட்சன். மெலிந்த, களைத்த முகம். கிரெட்சன் முதலில் எழுந்து பேசினாள்.

"நான் யாரையும் குறை சொல்ல வரல. இது இனம் சம்பந்தமான விஷயமே இல்ல. என் பொண்ணுக்கு நிரந்தரப் பல் உடைஞ்சிருக்கு. அந்த விளையாட்டு கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு. அவ்வளவுதான். பிள்ளைங்க பாதுகாப்பா இருக்கணும்."

சில தலைகள் ஆடின. ரெனிட்டா எழுந்தாள். டெரெல் சொன்னதை மனசில் வைத்து, குரலை இறக்கிக்கொண்டாள்.

"உங்க பொண்ணு பல்லு உடைஞ்சதுல எனக்கும் வருத்தம்தாங்க. என் தொழிலே பல்லுதான். அந்தச் சில்லை ஒரு மத்தியானத்துல ஒட்டிக் கொடுத்துருவாங்க, அடையாளம்கூடத் தெரியாது. நான் கேக்கிறது வேற. போன இலையுதிர் காலத்துல கால்பந்து ஆடறப்ப ஒரு பையன் கை ஒடிஞ்சுது. ஞாபகம் இருக்கா?"

"என் மகன்தான்" என்றார் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரர், சங்கடமாக.

"அவன் இப்ப சௌக்கியமா?"

"சௌக்கியம், மேடம்."

"நல்லது. அப்ப பந்தை யாராவது உள்ள வச்சுப் பூட்டினாங்களா? யாரு தள்ளினதுன்னு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் அறையில உட்கார வச்சாங்களா?"

குட்டி நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. டோனெட் மட்டும் "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரெட்சனின் கழுத்து சிவந்து ஏறிற்று. "அது... அது விபத்து" என்றாள்.

"இதுவும் அதேதான்!"

கிரெட்சனின் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவள் முதுகைத் தடவினார்கள். அறையே ரெனிட்டாவைப் பார்த்தது, அவள் இப்போது மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதுபோல. அவள் கேட்கவில்லை. மிஸ் கின்டானா இரண்டு கையையும் உயர்த்தி, "இதை அடுத்த கூட்டத்துல நிதானமா எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த கூட்டம் மே மாதக் கடைசியில். அதோடு பள்ளியே கோடை விடுமுறைக்கு மூடிவிடும்.

கார் நிறுத்துமிடத்தில் டோனெட் சிரித்துச் சிரித்துக் காரின் மேல் சாய்ந்தாள். உடையெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. "அடியே, அந்தப் பந்தை எடுத்து அடிச்ச பாரு அடி! வலைக்குள்ள போய் விழுந்துச்சு!"

"சிரிக்காதடி. என்ன ஆச்சு இப்ப? கயிறு உள்ளதானே கிடக்கு?"

ரெனிட்டா வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு வெளியே அகலமான சிமென்ட் நடைபாதை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றவர்கள் காத்து நிற்கிற இடம்.

"டோனெட், இந்த நடைபாதை யாருது? பள்ளிக்கூடத்துதா?"

டோனெட் அங்கே வருஷக்கணக்காகத் தபால் பட்டுவாடா செய்தவள். "நகரத்துது. ஏன்?" என்று கேட்டவள், ரெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் "ஐயையோ, வேண்டாம்டி" என்றாள். உடனேயே, "எத்தனை மணிக்கு வரணும்?" என்றும் கேட்டாள்.

மறுநாள் ரெனிட்டா மதியமே அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியில் ஹார்டுவேர் கடையில் துணிக்கொடிக் கயிறு வாங்கினாள், நல்ல கனமான பருத்திக் கயிறு. பிளாஸ்டிக் கயிறு காற்றில் மிதக்கும், தாளம் தராது. பள்ளி மணி அடிக்க கொஞ்ச நேரம் இருக்கையில் அவளும் டோனெட்டும் நடைபாதையின் இரு முனையில் நின்று சுற்ற ஆரம்பித்தார்கள்.

டக்-டக், டக்-டக், டக்-டக்.

அந்தச் சத்தம்! சிமென்டில் கயிறு அடிக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! ரெனிட்டாவின் உள்ளங்கால் செருப்புக்குள் துடித்தது. காரில் சாய்ந்து நின்ற அம்மாக்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி பையைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி, ரெனிட்டாவுக்குப் பெயர்கூடத் தெரியாது, மருத்துவமனைச் சீருடையில் இருந்தாள், "விலகுங்க விலகுங்க, எனக்கு முட்டி வலி, ஆனா பார்த்துட்டு நிக்க முடியாது!" என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்துவிட்டாள். கூட்டம் கைதட்டத் தொடங்கிற்று. டோனெட் அந்த நிமிஷத்தில் வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினாள்:

"வேலி உள்ள பூட்டு இருக்கு,
வீதி எங்க கையில் இருக்கு!
நிக்கிறவளே, என்ன பாக்குற?
நெஞ்சு துடிச்சா ஏன் நீ தேக்குற?"

மணி அடித்தது. கதவு திறந்ததுதான் தாமதம், பிள்ளைகள் மடை திறந்த மாதிரி ஓடிவந்தார்கள். "மிஸ் ரெனிட்டா குதிக்கிறாங்க! மிஸ் ரெனிட்டா குதிக்கிறாங்க!" உண்மைதான். கயிற்றை யாரிடமோ கொடுத்துவிட்டு அவள் உள்ளே போயிருந்தாள். உடம்பு கொஞ்சம் யோசித்தது, கால் யோசிக்கவில்லை. மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு அவள் வெளியே பாய்ந்தபோது கைதட்டல் தெருக்கோடி வரை கேட்டது. போகிற பேருந்து ஓட்டுநர் ஹாரனை அடித்துத் தாளம் போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் நைலா வரவில்லை. வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, நேராகக் காருக்குப் போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க?" என்றாள் வீட்டுக்குப் போகும்போது. "எல்லாரும் என்னையே பாக்கிறாங்க."

"திட்டியா பாத்தாங்க?"

"இல்ல."

"பின்ன?"

நைலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் விரல்கள் மேசையில் டக்-டக், டக்-டக் என்று தட்டிக்கொண்டிருந்ததை ரெனிட்டா பார்த்தாள். டெரெலும் பார்த்தான். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி பீன்ஸைப் பரிமாறிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அது ரெனிட்டாவின் கையை விட்டுப் போய்விட்டது. திங்கட்கிழமை அவள் வருவதற்குள்ளேயே இரண்டு ஜோடிக் கயிறுகள் சுற்றிக்கொண்டிருந்தன. எலியாசர் என்கிற ஹோண்டுராஸ்காரர், கூரை வேலை செய்கிறவர், காலணியெல்லாம் தார் ஒட்டியிருக்க, கயிற்றின் முனையைப் பிடித்தார். அப்படி ஒரு சீரான கை! "அந்த மனுஷன் கையில கயிறு கொடுத்தா கண்ணை மூடிட்டுக் குதிக்கலாம்" என்று டோனெட் தீர்ப்புச் சொன்னாள். "ஊர்ல சர்ச்சுல மத்தளம் வாசிப்பேன், சீமாட்டி" என்று அவர் வெட்கத்தோடு சிரித்தார். பெரிய கேனில் யாரோ இனிப்புத் தேநீர் கொண்டுவந்தார்கள். கை ஒடிந்த பையனின் அப்பா முதலில் ஓரமாக நின்றார், அப்புறம் கைதட்டினார், அப்புறம் தானும் உள்ளே புகப் பார்த்து, கயிறு கண்ணாடியைத் தட்டிவிட, கண்ணாடியைத் தேடிக்கொண்டு தரையில் தவழ்ந்தார். சிறுபிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாப்பாட்டு மேசையில் தனித்தனியாக உட்கார்ந்தவர்கள் நடைபாதையில் ஒரே வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏய், முந்தாத! எனக்கு அப்புறம்தான் நீ!"

"நீ நேத்தே மூணு தடவை போன!"

"மிஸ் டோனெட், இவன் பொய் சொல்றான்!"

மிஸ் கின்டானா ஜன்னல் வழியே பார்ப்பதை ரெனிட்டா கவனித்தாள். கையசைத்தாள். அவர் கையைப் பாதி உயர்த்திவிட்டு, என்ன நினைத்தாரோ, தாழ்த்திக்கொண்டார்.

கிரெட்சன் மட்டும் தினமும் லினியாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கமாகப் போனாள். லினியா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவாள். பல்லில் சில்லு உடைந்த இடம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வெயில் அடித்தது, கூட்டம் சாலை வரை வழிந்தது. கிரெட்சன் வழக்கம்போல எதிர்ப்பக்கம் போக நின்றபோது, லினியா கையை உருவிக்கொண்டாள். ஒரே ஓட்டம். கூட்டத்தின் முழங்கைகளுக்கு நடுவே நுழைந்து கயிற்றுக்கு எதிரே வந்து நின்றாள். குதிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எலியாசர் கயிற்றை நிறுத்தினார்.

"நைலா என்னைத் தள்ளல!" என்று கத்தினாள் லினியா.

கைதட்டல் ஓய்ந்தது.

"அவ தள்ளல. நான்தான் முன்னாடியே போயிட்டேன். அவ என்னைப் பிடிக்க வந்தா." முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

கிரெட்சன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "லினியா! நீதானே அன்னிக்குச் சொன்ன..."

"நான் சொல்லல! 'அந்தப் பொண்ணு தள்ளினாளா'ன்னு நீங்கதான் கேட்டீங்க. எனக்கு வாயெல்லாம் ரத்தம். அழுதுட்டிருந்தேன். தலையை ஆட்டிட்டேன். வீட்டுக்கு வந்து இல்லன்னு சொன்னேன். நீங்க கேக்கல."

ரெனிட்டாவின் காதுக்குள் ரத்தம் டக்-டக்கென்று அடித்தது. திட்டுவதற்கு ஒரு வாரமாக அவள் சேர்த்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் வாய் வரை வந்தன. அப்போதுதான் தன் காரின் ஜன்னல் கண்ணாடி முழுதாக இறங்கியிருப்பதைப் பார்த்தாள். வாரம் முழுக்கக் கூட்டத்தில் சேராமல் காருக்குள்ளேயே இருந்த நைலா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரெட்சன் ரெனிட்டாவைப் பார்த்தாள். "நான்... நான் பயந்துட்டேன். யோசிக்கவே இல்ல. முதல் கேள்வியே அதுவா வந்துடுச்சு. ஏன் அப்படிக் கேட்டேன்னு..." அதை முடிக்க அவளால் முடியவில்லை. "என்னை மன்னிச்சிருங்க, ரெனிட்டா."

"எங்கிட்ட வேண்டாம்" என்றாள் ரெனிட்டா. "எங்க போய்ச் சொன்னீங்களோ அங்க போய் மாத்திச் சொல்லுங்க. யாரைப் பத்திச் சொன்னீங்களோ அவ முன்னாடி சொல்லுங்க. அழுறதுன்னா அப்புறம் அழுங்க."

கிரெட்சன் தலையை ஆட்டினாள். அழவில்லை.

ரெனிட்டா காருக்குப் போய்க் கதவைத் திறந்தாள். "வரியா, கண்ணு?" நைலா இறங்கினாள். அம்மாக்கள், பிள்ளைகள் என்று நாலு பேரும் பள்ளிக்குள்ளே போனார்கள். வெளியே டோனெட், "யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது! ஒரு ஆள் நகரக் கூடாது!" என்று உத்தரவு போடுவது கேட்டது.

மிஸ் கின்டானாவின் அறையில் கிரெட்சன் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தான் சொன்னது தப்பு, நைலா தள்ளவில்லை, பிடிக்கத்தான் வந்தாள் என்று சொல்லிவிட்டு நைலாவின் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணைப் பிடிக்க வந்ததுக்கு நான் நன்றி சொல்லியிருக்கணும். அதுக்குப் பதிலா உன் மேல பழியைப் போட்டேன். மன்னிச்சிரு, நைலா."

நைலா கொஞ்ச நேரம் அவளை அளந்து பார்த்தாள். "சரி, மேடம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

மிஸ் கின்டானா நாற்காலியை விட்டு எழுந்து வந்து நைலாவுக்கு எதிரே மண்டியிட்டார். "என் தப்பும் இருக்கு. நான் உங்கிட்ட கேக்கவே இல்ல. பாத்தவங்ககிட்டயும் கேக்கல. இனிமே கேக்காம எந்தப் பிள்ளையையும் இங்க உட்கார வைக்க மாட்டேன்."

"கயிறு?" என்றாள் நைலா.

மிஸ் கின்டானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவரே அலமாரிக்கு நடந்தார். போகும் வழியில் வாசல் கதவைத் திறந்து, "எல்லாரும் உள்ள வாங்க!" என்று நடைபாதையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எழுந்த ஆரவாரத்தில் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன.

விளையாட்டுத் திடலின் கறுப்புத் தார்த் தரையில் நைலாவும் லினியாவும் எதிரெதிராக நின்றார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்த பெரியவர்கள் ஏமாந்துபோனார்கள்.

"நீ தலையை ஆட்டின" என்றாள் நைலா.

"ஆமா."

"ஏன்?"

"அம்மா ரொம்ப பயந்திருந்தாங்க."

"நானும்தான் பயந்திருந்தேன். தனியா உட்கார்ந்திருந்தேன்."

லினியா தரையைப் பார்த்தாள். "உங்கிட்ட வந்து சொல்லணும்னு தினமும் நினைச்சேன்."

"நினைச்சா போதுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட நைலா, கொஞ்சம் பொறுத்து, கயிற்றின் ஒரு முனையை எடுத்து நீட்டினாள். "முதல்ல சுத்தக் கத்துக்க. சுத்தத் தெரியாதவளுக்குக் குதிக்கவும் தெரியாது. அன்னிக்கு நீ விழுந்ததே அதனாலதான்."

எதிர்முனைக்கு ஆள் வேண்டியிருந்தது. எலியாசர் ஓர் அடி முன்னால் வந்தார். டோனெட் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, கயிற்றைக் கொண்டுபோய் கிரெட்சனின் கையில் திணித்தாள்.

"எனக்குத் தெரியாதே!" என்றாள் கிரெட்சன்.

"தெரியும்னு யாரு சொன்னா?"

கிரெட்சன் சுற்றியது ஒரு கண்கொள்ளாக் காட்சி. ஒரு கை முந்தும், ஒரு கை பிந்தும். கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு செத்த பாம்பு மாதிரி விழும். "ஏம்மா, கயிறு சுத்தறியா, மாவு பிசையறியா?" என்றாள் டோனெட். கூட்டம் வெடித்தது. கிரெட்சனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அந்த வாரத்தில் முதல்முறையாக இருக்கும். "தோளைத் தொங்கப் போடுங்க, என் கையைப் பாருங்க" என்று ரெனிட்டா பக்கத்தில் நின்று காற்றில் சுற்றிக் காட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் அப்புறமும் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. சில மாதங்களுக்குப் பேச்சு அளவாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கூட்டத்தில், எந்தப் பிள்ளையைத் தண்டிப்பதானாலும் அந்தப் பிள்ளையையும் பார்த்தவர்களையும் கேட்ட பிறகே என்று விதி கொண்டுவரச் சொல்லி முதலில் கையைத் தூக்கியவள் கிரெட்சன்தான். ரெனிட்டா அதை மறக்கவில்லை.

கயிறு ஒருவழியாகத் தாளத்துக்கு வந்தது. நைலா பாய்ந்து புகுந்தாள். அப்பா! பத்து நாளாகப் பூட்டி வைத்த கால்கள்! பக்கவாட்டில், பின்னால், ஒற்றைக் காலில், சுழன்று... சடைகள் காற்றில் பறந்தன. ரெனிட்டாவால் நிற்க முடியவில்லை, மகளுக்குப் பின்னால் தானும் புகுந்துவிட்டாள். தாயும் மகளும் ஒரே கயிற்றுக்குள்! டெரெல் எப்போது வந்தானோ, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசில் அடித்தான், மெதுவாகப் போ என்று சொன்ன அதே டெரெல்.

வெளியே வந்த நைலா லினியாவிடமிருந்து முனையை வாங்கிக்கொண்டாள். "போ. நான் சொல்றப்ப மட்டும்."

லினியா கயிற்றின் ஓரத்தில் நின்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினாள்.

"இரு... இரு... இப்ப வா!"

அவள் போனாள். ஒரு குதி, இரண்டு குதி, பிள்ளைகள் கத்தினார்கள், மூன்றாவதில் கயிறு கணுக்காலில் சுற்றிற்று, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை தாரில் உரசித் தோல் சிராய்ந்தது. ஒரு கீற்று ரத்தம் எட்டிப் பார்த்தது.

அத்தனை கண்களும் கிரெட்சன் மேல். அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு கால் முன்னால் வந்துவிட்டது. கையில் கயிறு இருந்தது.

நைலா எதிர்முனையிலிருந்து, யார் முகத்தையும் பார்க்காமல், லினியாவை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "எந்திரி. இந்தத் தடவை நல்லாத்தான் வந்த. மறுபடி."

லினியா உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சில்லுப் பல் தெரியச் சிரித்தாள்.

கிரெட்சன் முன்வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள். தோளைத் தொங்கப் போட்டாள். பிறகு சுற்ற ஆரம்பித்தாள்.